விற்காதே, பகிர்ந்துகொள்: கிரேட்ஃபுல் டெட் ஒலிநாடாக்களின் கதை

1986-ஆம் ஆண்டு மே மாதம். கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஒரு சாமான் கிடங்கு. மாத வாடகைக்கு அறை எடுத்து, வீட்டில் இடமில்லாத பொருட்களை மக்கள் அங்கே போட்டு வைப்பார்கள். வாடகை கட்டாவிட்டால், கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு நிர்வாகம் அந்தப் பொருட்களை ஏலம் விட்டுவிடும். அன்று ஏலத்துக்கு வந்த ஓர் அறைக்குள் பெட்டி பெட்டியாக ஒலிநாடாச் சுருள்கள் இருந்தன. வாங்க வந்தவர்களில் ஒரு சிலருக்குத்தான் அவை என்னவென்று தெரியும்.

அவை பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளருடையவை. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய், 1970-களில் அவர்களுடைய கச்சேரிகளைப் பதிவு செய்தவர் அவர். பிறகு குழுவில் வேலை போய்விட்டது, பணக் கஷ்டம் வந்தது, கிடங்கு வாடகையைக் கட்ட முடியவில்லை. ராக் வரலாற்றின் மிகச் சிறந்த நேரடிப் பதிவுகள் என்று இன்று பலர் சொல்லும் நாடாக்கள், பாக்கிக் கணக்கில் ஏலம் போயின.

அந்தப் பதிவுகளில் ஒன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. ஏலத்திலிருந்து அந்தப் பட்டியல் வரை அது போன வழியைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். வழி நெடுக அதைக் காப்பாற்றியவர்களில் பெரும்பாலானோர் சாதாரண ரசிகர்கள். அவர்களிடம் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஒரு விதி மட்டும் இருந்தது: விற்காதே.

ஒரே பாட்டு, ஒவ்வொரு நாளும் வேறு

முதலில், ஒரு குழுவின் கச்சேரியை ஏன் இத்தனை முறை பதிவு செய்ய வேண்டும்? இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும்.

கிரேட்ஃபுல் டெட் 1965-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் தொடங்கியது. கிட்டார் வாசித்துப் பாடிய ஜெரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறக்கும் வரை, 30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது. ஆனால் ஸ்டூடியோவில் செய்து வெளியிட்ட ஆல்பங்கள் வெறும் 13. அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த அவர்களுடைய பாட்டு ஒன்றே ஒன்று. 'டச் ஆஃப் கிரே' என்ற அந்தப் பாட்டும் 1987-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது, குழு தொடங்கி 22 ஆண்டுகள் கழித்து.

ஆகவே இந்தக் குழுவின் உண்மையான படைப்பு ஆல்பத்தில் இல்லை, மேடையில் இருந்தது. இன்று என்ன பாடுவோம் என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்வது குறைவு. ஒரு பாட்டு ஒரு நாள் ஆறு நிமிடம் போகும், இன்னொரு நாள் இருபது நிமிடம் போகும். நடுவில் மனோதர்மமாக எங்கெங்கோ போய்விட்டு, வேறொரு பாட்டுக்குள் நுழைந்து, திரும்பி வரும். நம் கர்நாடகக் கச்சேரியில் ராக ஆலாபனை கேட்டவர்களுக்கு இது எளிதில் புரியும்: ராகம் ஒன்றுதான், ஆனால் நேற்று கேட்டது இன்று வராது. சொதப்பலான இரவுகளும் நிறைய உண்டு. நல்ல இரவு எது என்று தெரிய வேண்டுமானால் எல்லா இரவுகளையும் யாராவது பதிவு செய்திருக்க வேண்டும்.

முதலில் அதைச் செய்தவர் ஓவ்ஸ்லி ஸ்டான்லி. 'கரடி' என்பது அவருடைய பட்டப் பெயர். எல்எஸ்டி என்ற போதைப்பொருளைத் தயாரித்ததற்காகப் புகழும் சிறையும் கண்டவர். அதே மனிதர்தான் 1966 முதல் குழுவின் ஒலி அமைப்பையும் கவனித்தார். இன்று வைத்த ஒலி சரியாக இருந்ததா, நாளைக்கு எதை மாற்றலாம் என்று கேட்டுப் பார்ப்பதற்காகவே கச்சேரிகளைப் பதிவு செய்தார். வேலைக் குறிப்பேடு மாதிரி. விற்கும் எண்ணம் அதில் இல்லை. அந்தப் பழக்கம் குழுவில் ஊறிவிட்டது. அவருக்குப் பின் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர்தான் பெட்டி. அவர் அரங்குக்குப் போகும் ஒலியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மேடை மைக்குகளிலிருந்து வருவதைத் தன் காதுக்குத் தனியாகக் கலந்து நாடாவில் ஏற்றினார். அதனால்தான் அவருடைய பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிறது.

மைக் பிடித்த ரசிகர்கள்

குழு தனக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் நின்ற ரசிகர்களும் கோட்டுக்குள் கருவியை மறைத்துக்கொண்டு வந்து பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. குழுவின் பணியாளர்கள் மைக் கம்பிகளை வெட்டிய சம்பவங்களும் உண்டு. அவர்கள் பயந்ததில் நியாயமும் இருந்தது. 1969-இல் பாப் டிலனின் வெளியிடாத பாடல்களை யாரோ 'கிரேட் ஒயிட் ஒண்டர்' என்ற திருட்டு இசைத்தட்டாகப் போட்டு விற்றிருந்தார்கள். ராக் உலகில் பரவலாக விற்ற முதல் திருட்டுத்தட்டு அது. அதற்குப் பிறகு பல குழுக்களின் கச்சேரிகள் அனுமதியில்லாமல் தட்டாகி, யாரோ ஒருவருடைய பைக்குள் பணமாகப் போயின.

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் வேறு வழியில் போனார்கள். 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சில ரசிகர்கள் சேர்ந்து ஒரு பரிமாற்றக் குழு ஆரம்பித்தார்கள். உன்னிடம் உள்ள நாடாவை எனக்கு நகல் எடுத்துக் கொடு, என்னிடம் உள்ளதை நான் உனக்குத் தருகிறேன், காசு வேண்டாம். 1974-இல் இதற்காகவே 'டெட் ரெலிக்ஸ்' என்ற சிற்றிதழ் தொடங்கியது. அது பின்னால் 'ரெலிக்ஸ்' என்ற முழு இசை இதழாக வளர்ந்தது.

பரிமாற்றத்துக்கு எழுதப்படாத முறைகள் இருந்தன. உங்களிடம் கொடுக்க எதுவும் இல்லையா? பரவாயில்லை. வெற்றுக் கசெட்டுகளையும், திருப்பி அனுப்புவதற்கான தபால் செலவையும் அனுப்பினால் போதும். இருப்பவர் நகல் எடுத்து அனுப்புவார். 90 நிமிட மேக்ஸெல் கசெட்டுகள் இந்த உலகின் நாணயம் மாதிரி. பக்கத்துக்கு 45 நிமிடம். வாசிப்பு அதற்கு மேல் போனால் நடுவில் கசெட்டைத் திருப்ப வேண்டும். பல பழைய நாடாக்களில் மிக அழகான இடத்தில் சட்டென்று ஒரு வெட்டு விழுவது அதனால்தான்.

குழு ஏன் இதைப் பொறுத்துக்கொண்டது? ஒரு காரணம் கார்சியாவே. 1964-இல், இந்தக் குழு தொடங்குவதற்கு முன், அவர் ஒரு நண்பரோடு காரில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து போனார். புளூகிராஸ் என்ற நாட்டுப்புற இசையைக் கேட்பதும், நேரில் பதிவு செய்வதும்தான் அந்தப் பயணத்தின் நோக்கம். நாடாப் பெட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகனாக அவரும் ஒரு காலத்தில் இருந்தவர். கச்சேரி முடிந்த பிறகு அந்த இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்.

1980-களில் பதிவு செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒலி நன்றாக இருக்கும் இடம் ஒலிப்பொறியாளரின் மேசைக்கு அருகில்தான். அங்கே உயரமான கம்பங்களில் மைக்குகள் காடு மாதிரி நின்றன. பின்னால் இருந்தவர்களுக்கு மேடை தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. தடை போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, 1984 அக்டோபரில் பெர்க்லி நகரில் நடந்த கச்சேரிகளிலிருந்து, ஒலி மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கித் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். பெரிய ராக் குழு ஒன்று தன் கச்சேரியைப் பதிவு செய்ய ரசிகர்களுக்கு இடம் போட்டுக் கொடுத்தது. நிபந்தனை பழையதுதான்: விற்கக் கூடாது.

தலைமுறை என்றால் இரைச்சல்

நாடாச் சேகரிப்பாளர்கள் ஓயாமல் பேசிய ஒரு சொல் 'தலைமுறை'. இரண்டாம் தலைமுறை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அவர்களுடைய அர்த்தம் வேறு. கச்சேரியில் பதிவான மூல நாடாவிலிருந்து எடுத்தது முதல் தலைமுறை நகல். அந்த நகலிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. கசெட்டில் ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் கூடும், உயர்ந்த சுரங்கள் கொஞ்சம் மங்கும். ஓட்டும் கருவியின் வேகம் இம்மி மாறினாலும் சுருதி ஏறும், இறங்கும். ஆறாவது, ஏழாவது தலைமுறையில் பாட்டு பக்கத்து வீட்டில் கேட்பது போல ஆகிவிடும்.

அதனால் நல்ல சேகரிப்பாளர் நாடாவோடு அதன் வம்சாவளியையும் எழுதி வைத்தார்: தேதி, ஊர், அரங்கு, கூட்டத்திலிருந்து எடுத்ததா அல்லது குழுவின் ஒலி மேசையிலிருந்து எடுத்ததா, எந்த மைக், எந்தக் கருவி, எத்தனையாவது நகல். 1987-இல் சில ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எந்தத் தேதியில் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று தொகுத்து 'டெட்பேஸ்' என்ற புத்தகமாகவே வெளியிட்டார்கள்.

டிஜிட்டல் காலம் வந்தபோது தலைமுறைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் புதுப் பிரச்சினை வந்தது: எம்பி3. கோப்பைச் சிறிதாக்க அது ஒலியின் ஒரு பகுதியை எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது. அதனால் சேகரிப்பாளர்கள் அதை ஏற்கவில்லை. எதையும் இழக்காமல் சுருக்கும் ஷார்ட்டன் வடிவத்தையும், பின்னால் ஃப்ளாக் வடிவத்தையும் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 என்ற கணக்கீட்டில் ஒரு 'கைரேகை' எண்ணைச் சேர்த்து அனுப்பினார்கள். உங்களுக்கு வந்த கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் பொருந்தாது. மென்பொருள் வேலையில் நான் தினமும் செய்யும் சரிபார்ப்பு இது. பாட்டுக் கேட்கும் கூட்டம் 1990-களின் இறுதியிலேயே இதை ஒழுங்காகச் செய்துவந்தது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பனி பெய்த மே மாத இரவு

இப்போது ஏலத்துக்குத் திரும்பி வருவோம்.

அன்று ஏலத்தில் நாடாக்கள் ஒரே கைக்குப் போகவில்லை, பிரிந்து போயின. சில ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தவை சீக்கிரமே நகலாகிப் பரவின. அவற்றுக்கு 'பெட்டி போர்ட்ஸ்' என்றே பெயர் வந்தது. மற்றவை சரியான பாதுகாப்பில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஈரமும் பூஞ்சணமும் பிடித்தன. பின்னால் அவற்றையும் ரசிகர்களே தேடிப் பிடித்து, சுருள் சுருளாகச் சுத்தம் செய்து, கேட்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படிப் பரவியவற்றில் ஒன்று 1977 மே 8 அன்று நடந்த கச்சேரி. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்திலும் வெளியே பனி பெய்த இரவு அது. அன்று அங்கே இருந்தது சில ஆயிரம் பேர். ஆனால் பெட்டியின் பதிவு வெளியே வந்த பிறகு, கசெட்டில் அதைக் கேட்டவர்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. குழுவின் மிகச் சிறந்த கச்சேரி எது என்று ரசிகர்கள் சண்டை போடும்போது முதலில் வரும் பெயர் இதுதான். நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலின் 2011-ஆம் ஆண்டுத் தேர்வில் இதைச் சேர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேசியச் செல்வம் என்று அரசு நூலகம் அறிவித்தபோது, அந்தக் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவந்திருக்கவே இல்லை. கடையில் போய் வாங்க முடியாது. ஏலம் போன நாடாக்கள் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பிய பிறகு, 2017 மே மாதத்தில்தான் அது முறையாக வெளிவந்தது. கச்சேரி நடந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த 40 ஆண்டுகளில் பெரும்பகுதி அதைச் சுமந்தவை ரசிகர்களின் அலமாரிகள்.

ரசிகன் கையில் சாவி

ரசிகர்கள் சேகரித்ததைக் குழு எப்படிப் பார்த்தது என்பதற்கு டிக் லாட்வாலாவின் கதை நல்ல பதில். ஹவாயில் வாழ்ந்துகொண்டு, வெறி பிடித்ததுபோல நாடா சேர்த்தவர் அவர். எந்தத் தேதியில் எந்தப் பாட்டு எப்படிப் போனது என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். 1980-களின் நடுவில் குழு அவரையே தன் காப்பகத்தைக் கவனிக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டது. 1993-இல் அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற வரிசையாக வெளிவரத் தொடங்கின. 1999-இல் அவர் இறந்த பிறகும் அந்த வரிசை தொடர்ந்து, மொத்தம் 36 தொகுதிகள் வந்தன. அவருக்குப் பின் பொறுப்பேற்ற டேவிட் லெமியூ கனடாக்காரர், காப்பகத் துறையில் பயிற்சி பெற்றவர். 2015-இல் குழுவின் 50-ஆவது ஆண்டுக்கு, ஆண்டுக்கு ஒரு கச்சேரி வீதம் வெளியிடப்படாத 30 கச்சேரிகளை 80 சிடிகளாக வெளியிட்டார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் பாட்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டால், இந்தக் குழுவின் அனுபவம் காட்டும் பதில்: நகல் எடுத்துக் கேட்ட அதே ரசிகர்கள்தான் வாங்குவார்கள்.

ஆனாலும் எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. இணையம் வந்த பிறகு, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான பதிவுகளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ள முடிந்தது. 2005 நவம்பரில் குழுவின் தரப்பு திடீரென்று அதை நிறுத்தியது. ரசிகர்கள் கொதித்தார்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷ், தன்னைக் கேட்காமலே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் ஒரு சமரசம் வந்தது. ரசிகர்கள் கூட்டத்திலிருந்து எடுத்த பதிவுகளைப் பழையபடி இறக்கிக்கொள்ளலாம். குழுவின் ஒலி மேசையிலிருந்து எடுத்தவற்றை அங்கேயே கேட்க மட்டும் செய்யலாம்.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாட்டைப் படைத்தவருக்கு அதன் மேல் உரிமை உண்டு. சரியாக வராத ஓர் இரவு வெளியே போக வேண்டாம் என்று அவர் நினைத்தால் அதையும் மதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்து விற்பதற்கு எதிராக 1994-இல் அமெரிக்காவில் தனிச் சட்டமே வந்தது. ஆனால் உரிமை உள்ளவர் காப்பாற்றுவார் என்பது நிச்சயம் இல்லை. பெட்டியின் நாடாக்களை ஏலத்திலிருந்து மீட்கும் வாய்ப்பைக் குழு அன்று தவறவிட்டது. காப்பாற்றியவர்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது. அவர்களை நேர்மையாக வைத்தது விற்காதே என்ற அந்த ஒரே விதி. காசு நடுவில் வந்திருந்தால் அவர்களும் இன்னொரு திருட்டுத்தட்டு வியாபாரிகள் ஆகியிருப்பார்கள். கார்சியாவும் அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்க மாட்டார்.

இந்தக் குழுவின் இசை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். முதல் தடவை கேட்டபோது எனக்கும் பாதியில் கொட்டாவி வந்தது. ஆனால் அவர்களுடைய பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டிக்குள் பழைய கசெட்டுகள் இருக்கலாம். கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து பேசி அனுப்பிய கசெட், யாருடையதோ கல்யாணத்தில் பதிவு செய்த நாதஸ்வரம், அம்மம்மா பாடியது. அதை இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள். ஒரு நல்ல கசெட் கருவியை இரவல் வாங்கி, எம்பி3 ஆக்காமல் முழுத் தரத்தில் கணினிக்கு ஏற்றுங்கள். யாருடைய குரல், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நகலை ஒரே இடத்தில் வைக்காமல் உறவினர்களுக்கும் கொடுங்கள்.

வெற்றுக் கசெட்டும் தபால் செலவும் கேட்காதீர்கள். சும்மாவே கொடுங்கள்.